மாயாண்டிக்காகச் சொன்ன பதில்

நல்லசாமி வீரத்தால் படையில் சேர்ந்தான் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். சயாமுக்குப் பயந்துதான் சேர்ந்தான். கருங்காட்டு ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்திலிருந்து ஜப்பான்காரன் லாரி லாரியாக ஆட்களை ஏற்றிக்கொண்டு போனான். சயாமில் ரயில் பாதை போடப் போனவர்களில் ஒருவர்கூட அதுவரை திரும்பியிருக்கவில்லை. நல்லசாமியின் அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அடுத்த பட்டியலில் உன் பெயரும் மாயாண்டி பெயரும் இருக்கிறது என்று கணக்கெழுதும் கிராணி காதோடு காதாகச் சொன்ன அன்றே, பக்கத்து மர நிரையில் பால் வெட்டிக்கொண்டிருந்த மாயாண்டியையும் இழுத்துக்கொண்டு சிரம்பானிலிருந்த இந்திய தேசிய இராணுவ முகாமுக்கு நடந்தான்.

மாயாண்டிக்கு லயத்தில் மனைவி இருந்தாள். பஞ்சாலை என்று பெயர். நல்லசாமிக்கு யாரும் கிடையாது. தாய் தகப்பன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அண்ணனும் போன பிறகு, அவனை 'டேய்' என்று உரிமையோடு கூப்பிட இந்த உலகத்தில் மாயாண்டி ஒருவன்தான் பாக்கி.

முகாமில் இவர்களைத் துப்பாக்கிப் பக்கம் விடவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலெழுத்து படித்தவர்கள், காதும் கூர்மை என்று பார்த்து வயர்லெஸ் வகுப்பில் போட்டார்கள். வகுப்பு எடுத்தவர் சிவசிதம்பரம். யாழ்ப்பாணத்தார், சண்டைக்கு முன் தபால் கந்தோரில் தந்தி அடித்தவர். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆள் அவருடைய ஜன்னலண்டை போய் நின்றால் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார். இப்போது அதே தோட்டத்து ஆட்களுக்கு முன்னால் காலை முதல் மாலை வரை தொண்டை கிழியக் கத்த வேண்டிய தலையெழுத்து. ஆங்கில எழுத்துகளைக் குறிலும் நெடிலுமாகப் பிரித்துக் காட்டினார். விசையைத் தொட்டு எடுத்தால் குறில், அழுத்திப் பிடித்தால் நெடில். அதில் யாரும் பெரிதாகத் திண்டாடவில்லை. திண்டாட்டமெல்லாம் ஒழுங்கில்தான்.

"ஆகாயத்தில ஒரே ஒரு பாதைதான் கிடக்கு," என்பார் சிவசிதம்பரம். "ஒருத்தன் கதைக்கேக்க மற்றவன் வாயைத் திறந்தால் ரெண்டு பேரின்ர கதையும் நாசம். அதால முதல்ல கேளும். பாதை சும்மா கிடக்கெண்டு தெரிஞ்ச பிறகு கூப்பிடும். ஆரைக் கூப்பிடுறீரோ அவரின்ர குறி முதல்ல, உம்மட குறி பிறகு. பேர் சொல்லக் கூடாது. சுகம் விசாரிக்கக் கூடாது. கேட்டது விளங்காட்டில் 'திருப்பிச் சொல்லு' எண்டு கேளும். ஊகிச்சு எழுதிக்கொண்டு வந்தீரெண்டால் தோலை உரிச்சுப்போடுவன்."

"பக்கத்து நெலையத்துல நம்ம ஆளே இருந்தா என்னாங்க பண்றது?" என்று மாயாண்டி ஒரு நாள் கேட்டான்.

"உம்மட ஆளெண்டாலும் கிளை நிலையம் கிளை நிலையத்தோட நேர கதைக்கக் கூடாது. தலைமை நிலையத்திட்ட உத்தரவு கேட்க வேணும். இது கள்ளுக்கடை இல்லைக் காணும்."

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஆஜர். தலைமை நிலையம் ஒரு நாளைக்கு மூன்று வேளை, காலை ஏழு, பகல் ஒன்று, மாலை ஆறு மணிக்கு, ஒவ்வொரு கிளையையும் வரிசையாகக் கூப்பிடும். கூப்பிடப்பட்டவன் மட்டும் தன் குறியைச் சொல்லி, இருக்கிறேன் என்பான். பதில் வராவிட்டால் அவனை விட்டுவிட்டு அடுத்தவனைக் கூப்பிடும். வரிசை முடிந்ததும் விட்டவனை இன்னும் ஒரு முறை கூப்பிடும். அப்போதும் சத்தமில்லை என்றால் புத்தகத்தில் 'மௌனம்' என்று எழுதுவார்கள். அடுத்தடுத்து இரண்டு வேளை மௌனம் என்றால் சைக்கிளில் ஆள் புறப்பட்டு வரும்.

இதைக் கேட்டதும் தோட்டத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். வயர்லெஸாவது மண்ணாவது, இது பெரட்டு! விடியுமுன் பெரட்டுக் களத்தில் கங்காணி விளக்கைத் தூக்கிப் பிடிக்க, கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவாரே, அதேதான். அன்று முதல் ஆஜருக்குப் பெரட்டு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பெரட்டுக் களத்தில் ஒரு வழக்கம் உண்டு. அரைகுறை இருட்டில் கிராணிக்கு முகம் தெரியாது, குரல்தான் தெரியும். ஒருவன் வந்துசேரக் கொஞ்சம் தாமதமானால் அவனுடைய அன்றைய பேர் போய்விடும். பேர் போனால் அன்று கூலி கிடையாது. அதனால் பக்கத்தில் நிற்பவன் அவன் குரலில் பதில் சொல்லிவிடுவான். அவன் மூச்சிரைக்க ஓடிவந்து வரிசையில் ஒட்டிக்கொள்வான். இதைத் தப்பு என்று அந்தத் தோட்டத்தில் யாரும் நினைத்ததில்லை. சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு நின்றவனைத்தான் மனுஷனா என்று கேட்பார்கள். மாயாண்டிக்காக நல்லசாமியும் நல்லசாமிக்காக மாயாண்டியும் எத்தனை காலை பதில் சொல்லியிருப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

நாற்பத்தைந்தாம் வருஷம் இங்கிலீஷ்காரன் கடல் வழியாகத் திரும்பி வருவான் என்ற பேச்சு பலமாக இருந்தது. கடலோரத் தோட்டங்களில் ஐந்து காவல் நிலையங்கள் போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆள் என்று காகிதத்தில் இருந்தது. பாதிப் பேரைப் பர்மாவுக்கு அனுப்பியாகிவிட்டதால் ஒவ்வொருவனாகத்தான் உட்கார வைத்தார்கள். சி ரூசா கடற்கரைக்குச் சற்று உள்ளே, மேட்டில், வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிப்போன ஒரு பங்களா நல்லசாமிக்கு. தெற்கே ஏழு மைலில், சதுப்பு ஓரத்துப் பழைய ரப்பர் பால் ஸ்டோர் மாயாண்டிக்கு. நல்லசாமியின் குறி 'ஆர்'. மாயாண்டியின் குறி 'டி', அதாவது ஒரு நெடில், இரண்டு குறில்.

தனிமை என்றால் என்னவென்று நல்லசாமிக்கு அந்தப் பங்களாவில்தான் தெரிந்தது. லயத்தில் ஒருவன் இருமினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். இங்கே அவன் சத்தம் போட்டுப் பாடினாலும் கேட்க நாதி இல்லை. காலையில் எழுவான், கடலைப் பார்ப்பான், கப்பல் இல்லை என்று எழுதுவான். மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்பான். மறுபடி கடலைப் பார்ப்பான். சனிக்கிழமை தோறும் வண்டிக்காரன் முருகையா மாட்டுவண்டியில் கிழங்கும் உப்பும் மின்சாரம் ஏற்றிய பேட்டரியும் கொண்டுவந்து போட்டுவிட்டு, வெற்றிலை மென்று முடிக்கும் நேரம் பேசிவிட்டுப் போவான். அந்தப் பேச்சை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்ட வேண்டும். சில நாள் தன் பெயரைத் தானே சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பான். வெட்கமாக இருக்கும், ஆனாலும் கூப்பிடுவான்.

மூன்று வேளைப் பெரட்டுதான் அவனுக்கு உயிர். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கால் மணி முன்னதாகவே உட்கார்ந்துவிடுவான். ஐந்து நிலையமும் ஒரே பாதையில் என்பதால் எல்லோர் பதிலும் எல்லோருக்கும் கேட்கும். எழுத்து ஒன்றுதான் என்றாலும் ஒவ்வொருவன் கையும் ஒவ்வொரு விதம். மாயாண்டி முதல் குறிலைப் போட்டுவிட்டு, ஏதோ யோசிப்பவன்போல ஒரு மூச்சு விட்டு இரண்டாவதைப் போடுவான். எல்லாம் முடிந்தபின், யாருக்கும் தேவையில்லாத ஒரு குறில் தனியாக வரும். தலைமை நிலையம் அதைக் கை தவறியது என்று நினைத்துக்கொண்டது. அது தனக்குத்தான் என்று நல்லசாமிக்குத் தெரியும். 'டேய்' என்கிறான். இவனும் தன் முறையில் ஒன்றைத் தட்டிவிடுவான். ஒழுங்கை மீறிய பேச்சு அவர்களுக்குள் அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு எழுத்து போனது கிடையாது. சிவசிதம்பரத்தின் மேல் அவ்வளவு பயம்.

ஜூலைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை முருகையா வந்தபோது சொன்னான்: "மாயாண்டி கருங்காட்டுக்குக் குறுக்கு வழி இருக்கான்னு கேட்டான்லா. பஞ்சாலைய பாத்து மூணு மாசமாச்சாம். ஒரு எட்டு போயிட்டு வந்துரலாமான்னான். போயிறாதடா, மாட்டுனா தோல உரிச்சிருவானுங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

"போவ மாட்டான். பயந்தாங்கொள்ளி," என்றான் நல்லசாமி.

திங்கட்கிழமை பகல் ஒரு மணிக்குத் தலைமை நிலையம் 'டி'யைக் கூப்பிட்டது. பதில் இல்லை. அடுத்தவனைக் கூப்பிட்டது, அதற்கடுத்தவனைக் கூப்பிட்டது. போய்விட்டான் பாவி என்று நல்லசாமி தலையில் அடித்துக்கொண்டான். போன மாதம் ஒருவன் இப்படித்தான் நிலையத்தை விட்டுவிட்டு மீன் பிடிக்கப் போனான். சைக்கிளில் வந்த ஆள் காலி நாற்காலியைப் பார்த்தான். அவனை ஜப்பான்காரனிடம் ஒப்படைத்தார்கள்; அடித்துச் சயாமுக்கு ஏற்றினார்கள் என்று கேள்வி. மாயாண்டியையும் ஏற்றிவிட்டால்? வரிசை முடிந்து 'டி'யை இரண்டாம் முறை கூப்பிட்டது. நல்லசாமியின் கை தானாக விசைக்குப் போயிற்று. ஒரு நெடில், ஒரு குறில், ஒரு மூச்சு, ஒரு குறில். இருக்கிறேன்.

தலைமை நிலையம் ஏற்றுக்கொண்டது. எந்தக் கேள்வியும் இல்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். வரட்டும், இரண்டு உதை கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். அவன் இப்போது பஞ்சாலை கையால் ரசம் குடித்துக்கொண்டிருப்பான் என்று நினைக்கச் சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

மாலையும் மாயாண்டி வரவில்லை. நல்லசாமி பதில் சொன்னான். செவ்வாய்க்கிழமை மூன்று வேளையும் சொன்னான். அன்று மாலை பழக்கதோஷத்தில் கடைசியில் அந்தத் தனிக் குறிலையும் தட்டிவிட்டான். தட்டிய பிறகுதான் உறைத்தது, தனக்குத் தானே 'டேய்' சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெகுநேரம் வாசலில் உட்கார்ந்திருந்தான். புதன் காலையும் பதில் சொன்னான். பகலில் தலைமை நிலையம், 'டி' பக்கம் படகு ஏதாவது தெரிகிறதா என்று கேட்டது. இல்லை என்றான். பார்க்காத கடலைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு பொய் மட்டும் அவனுக்குச் சுருக்கென்று குத்தியது. பெண்டாட்டியைப் பார்க்கப் போனவனுக்கு ஒரு நாள் போதாதா? மூன்றாம் நாளும் ஆகிறதே.

அன்று பிற்பகல் வண்டிச் சத்தம் கேட்டது. முருகையா. வாரக் கடைசியில் வர வேண்டியவன், வேறு தோட்டத்துக்குக் கிழங்கு ஏற்றிப்போகும் வழியில் தண்ணீர் குடிக்க நின்றான்.

"நேத்து கருங்காட்டுல இருந்தேன்," என்றான். "பஞ்சாலை அழுவுது. அவரு எப்ப வருவாரு, கண்ணால பாத்தீங்களா, நல்லா இருக்காரான்னு ஒரே கேள்வி."

நல்லசாமி குறுக்கிட்டுக் கேட்டான். "மாயாண்டி அங்க வரலயா?"

"அவன் எங்க வந்தான்? காவலுல இருக்கான்னு சொல்லிட்டு வந்தேன். ஏன், பெரட்டுல பதிலு சொல்லலயா அவன்?"

நல்லசாமி உள்ளே ஓடினான். பெரட்டு நேரம் இல்லாவிட்டாலும் தலைமை நிலையத்தில் யாராவது எப்போதும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவசரம் என்ற குறியைப் போட்டுக் கூப்பிட்டான். அனுப்பு என்று வந்தது. சிவசிதம்பரத்தின் கை. 'டி திங்கள் முதல் மௌனம். பதில் சொன்னது ஆர்.' அனுப்பி முடித்தான். பிறகு, 'திருப்பிச் சொல்லு' என்று வந்தது. திருப்பிச் சொன்னான். மறுபடி 'திருப்பிச் சொல்லு'. மூன்றாம் முறையும் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். செய்த தப்பைத் தன் கையாலேயே மூன்று முறை சொல்ல வைப்பதற்கென்றே அந்த ஒழுங்கை ஏற்படுத்தினார்கள்போல் இருந்தது. நான்காம் முறை கேட்கவில்லை. 'ஆள் வருகிறது' என்று வந்தது.

சிரம்பானிலிருந்து சைக்கிள் வந்துசேரப் பொழுது சாய்ந்துவிடும். நல்லசாமி ஹெட்போனை வீசிவிட்டு ஓடினான். முருகையா வண்டியில் ஏறச் சொல்லிக் கத்தியது காதில் விழவில்லை. ஏழு மைலும் ஓட்டமும் நடையுமாகப் போனான். வழியெல்லாம் ஆளில்லாத லயங்கள். வெட்டுவாரில்லாமல் காடு மண்டிய ரப்பர்க் கித்தா மரங்கள். இருக்கக் கூடாது, அங்கே அவன் இருக்கக் கூடாது, எங்காவது ஓடிப்போயிருக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினான்.

மாயாண்டி இருந்தான். கயிற்றுக் கட்டிலில், கரைந்துபோய், கண் உள்ளே போய்க் கிடந்தான். கடுமையான மலேரியா. தண்ணீர்ப் பானை எட்டாத தூரத்தில் கவிழ்ந்து கிடந்தது. நீண்ட வயரோடு ஹெட்போன் கழுத்தில் இருந்தது. வயர்லெஸ் பெட்டி இருந்த மேசை கட்டிலிலிருந்து நாலே நாலு எட்டு.

நல்லசாமி கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து துணியில் நனைத்து அவன் வாயில் பிழிந்தான். வெகுநேரம் கழித்து மாயாண்டி கண்ணைத் திறந்தான்.

"வந்துட்டியாடா."

"வந்துட்டேன். ஆளு வருது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவாங்க. பேசாத."

"எந்திரிக்க முடியல. அவங்க கூப்புட்டது கேட்டுச்சு. ரெண்டு தடவ பதிலு வரலன்னா ஆளு வந்துரும்னு படுத்திருந்தேன்." மூச்சு வாங்கினான். "அப்புறம் எங்குறியில பதிலு போச்சு."

நல்லசாமி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"உங் கைதான்னு தெரிஞ்சிச்சு," என்றான் மாயாண்டி. "நல்லதுக்குத்தான் சொல்றன்னும் தெரிஞ்சிச்சு. இந்தத் தடவ நிறுத்திருவான், இந்தத் தடவ நிறுத்திருவான்னு பாத்தேன். நேத்து பேட்டரி எறங்கிருச்சு. அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கல."

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நல்லசாமிக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். சைக்கிள் மணி ரோட்டில் கேட்பதற்கு அரை மணி முன்னால் மாயாண்டி போய்விட்டான்.

விசாரணை என்று சிவசிதம்பரம் ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். பேனாவைத் திறந்தார், மூடினார். "எனக்கும் அது அவன்ர கையாத்தான் கேட்டது," என்றார். "இருபது வருசம் தந்தி அடிச்ச காது இது." அவரால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. எனக்குத் தண்டனை கொடுங்கள் ஐயா என்று நல்லசாமி கேட்டபோது காகிதத்தை மடித்து வைத்தார். இரண்டு வாரத்தில் ஜப்பான்காரன் சரணடைந்தான், படை கலைந்தது, காகிதங்களை முகாமில் கொளுத்தினார்கள். தண்டனை கொடுக்க ஒருவரும் மிச்சமில்லை. அது நல்லசாமிக்கு விடுதலையாகத் தெரியவில்லை. அனாதையாக விட்டுவிட்டுப் போனதுபோல் இருந்தது.

கருங்காட்டுக்குத் திரும்பினான். வேறு எங்கே போவான்? முருகையா அதற்குள் கதையைத் தோட்டம் முழுக்கப் பரப்பியிருந்தான். ஆனால் அந்தக் கதை வேறு மாதிரி இருந்தது. மாயாண்டி படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அவன் பேர் போகாமல் மூன்று நாள் கட்டிக் காப்பாற்றியவன் நல்லசாமி. கங்காணி தோளில் தட்டிக் கொடுத்தார். "சிநேகிதம்னா இப்புடி இருக்கணும்லா," என்றார்கள் லயத்தில். அவன் வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லப் போனால், சாவு வந்தா யாரு தடுக்க முடியும் என்று அவர்களே சமாதானம் சொன்னார்கள். அந்தத் தோட்டத்தில் அவனைத் திட்ட ஒரு ஆள் இல்லை. பங்களாவில் இருந்ததைவிட லயத்தில் அவன் தனியாக இருந்தான்.

ஒரு சாயங்காலம் பஞ்சாலை வந்தாள். வெள்ளைச் சேலை. கையில் ஒரு மங்குக் கிண்ணத்தில் அவித்த கிழங்கு.

"அவருக்காகப் பதிலு சொன்னியாமே அண்ணே," என்றாள். "நீயாவது இருந்தியே. சாப்புடு."

நல்லசாமி கிண்ணத்தை வாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். பதில் வராவிட்டால் ஆள் வரும் என்ற ஒழுங்கைச் சொன்னான். தான் பதில் சொன்னதால்தான் ஆள் வரவில்லை என்று சொன்னான். மாயாண்டி ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்ததைச் சொன்னான். முன்னே பின்னே எதையும் மறைக்கவில்லை. அவள் மண்ணை வாரித் தூற்றுவாள், தூற்றட்டும் என்று காத்திருந்தான்.

அவள் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"எத்தன தடவ சொன்ன?"

"ஏழு தடவ."

"நீ தட்டுறது அவருக்கு நல்லா கேட்டுச்சா?"

"கேட்டுச்சு தங்கச்சி. செவ்வாக்கெழம வரைக்கும்."

"அப்ப ஒரு தடவ, டேய் மாயாண்டி, எங்கடா இருக்கன்னு அவரையே கேக்கலயா?"

"நாங்க நேரா பேசிக்கக் கூடாது தங்கச்சி. ஒழுங்கு அப்படி."

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது அவனுக்கே கேட்டது. மீறக் கூடாத ஒழுங்கை ஏழு முறை மீறியவன், மீறியிருக்க வேண்டிய ஒன்றைக் கடைசி வரை காப்பாற்றியிருந்தான்.

பஞ்சாலை அப்போதுதான் அழுதாள். "கேட்டிருந்தா அவரால பதிலு சொல்லியிருக்க முடியாதுதான். ஆனா நம்மள ஒருத்தன் தேடுறான்னாவது தெரிஞ்சிருக்கும்ல? ஏழு தடவ அவரு பேருல பேசியிருக்க. அவருகிட்ட ஒரு தடவ பேசலயே அண்ணே."

அவள் எழுந்து தன் வீட்டுக்குப் போனாள்.